கடிகாரத்தை மறந்த கட்டுரை

ஞாயிறு மறைவதை நாடிச் சென்று காண்போர் உண்டு. கூட்டமாகச் செல்வர். வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, நாளும் நாழிகையும் நொடியும் குறித்த தாள் கையிலிருக்க, கடல் கடந்தும் செல்வர், மலை ஏறியும் செல்வர். சில நொடி, மிஞ்சினால் சில நிமிடம் நிற்கும் இருட்டுக்காகப் பலநாள் பயணம்! சென்று திரும்பியோருள் சிலர் எழுதுகின்றனர். அவ்வெழுத்துகள் தனியொரு வகையாகவே இன்று வளர்ந்து நிற்கின்றன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, ஆங்கில எழுத்தாளர் விர்ஜீனியா உல்ஃப் அம்மையார் தீட்டிய 'ஞாயிறும் மீனும்' எனும் கட்டுரை. அதனை எடுத்து எடைபோட்டுப் பார்க்க எண்ணுகிறோம்.

எங்கோ வடஇங்கிலாந்துக் குன்றில் நின்று கண்ட காட்சியைப் பற்றிய கட்டுரை, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இத்தகைய எழுத்துகளைக் காட்டித்தான், "பார்த்தீரா! படித்தவர், பழமைக்குப் பணியாதவர், ஆண்டவனை நம்பாதவர். அவரே வானம் இருண்டதும் ஆதிமனிதராகிவிட்டார். உங்கள் பகுத்தறிவு, அரை நிமிட இருட்டுக்கு ஆற்றுமா?" என்று நம் இளைஞர்களை மடக்கப் பார்ப்பார்கள். மடக்குவோர்க்கு மறுமொழி கூறுமுன், அந்த எழுத்து உண்மையில் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று அறிவது நம் கடமை. படிக்காமல் பழிப்பது பகுத்தறிவு அன்று. படித்து மயங்குவதும் பகுத்தறிவு அன்று.

1927-ஆம் ஆண்டு, ஜூன் திங்கள் 29-ஆம் நாள். இங்கிலாந்தின் மண்ணில் ஞாயிறு முழுமையாக மறைந்து தோன்றிய நாள். அதற்கு முன் அந்நாட்டார் அப்படியொரு காட்சியைக் கண்டது 1724-இல். இருநூறாண்டுக்கு மேலாகக் கிட்டாத விருந்து, விடியற்காலை ஆறரை மணிக்குச் சற்று முன்பாக வரப்போகிறது. இரயில் நிறுவனங்கள் சிறப்பு வண்டிகளை விட்டன. மக்கள் திரள்திரளாக வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். அந்தத் திரளில் உல்ஃப் அம்மையாரும் ஒருவர். கணவர் லியனார்டும் நண்பர்களும் உடன்வர, இலண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் இரவு வண்டி ஏறி, யார்க்ஷயர் மாவட்டத்து ரிச்மண்டில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் பார்டன் ஃபெல் எனும் மேட்டுநிலத்துக்குச் சென்றார். மறுநாள் நாட்குறிப்பில் எழுதினார். பின்னர் அதனையே கட்டுரையாக்கி, 1928 பிப்ரவரியில் 'டைம் அண்ட் டைட்' இதழில் வெளியிட்டார். பெண்கள் நடத்திய வார இதழ் அது.

கட்டுரையின் போக்கு இது. மனக்கண்ணில் பதிந்த காட்சி தனித்து நின்றால் வாடிவிடும். வேறொரு காட்சி வந்து துணைசேர்ந்தால்தான் உயிர்வாழும் என்று தொடங்குகிறார். பிறகு நள்ளிரவு இரயில். ஒரே நோக்கத்தோடு புறப்பட்ட மக்கள். குளிர் வீசும் குன்றின் முகடு. அங்கே வரிசையாக நின்றோர். நகரத்து மனிதர்கள் தங்கள் நகரத்துச் சின்னங்களைக் களைந்துவிட்டு, விடியலை வணங்க வந்த தொல்பழங்காலத்து மாந்தராக நின்றனர் என்கிறார். ஸ்டோன்ஹெஞ்ச் எனும் கல்தூண் வட்டத்தில் வழிபட்டவர்களை நினைவூட்டுகிறார். மேகத்தோடு ஞாயிறு நடத்தும் ஓட்டப்பந்தயம் வருகிறது. ஒளி குன்றுகிறது, நிறம் சாகிறது, உலகம் உயிரற்ற ஓடாகத் தொங்குகிறது. பின்னர் மெல்ல நிறம் திரும்புகிறது. இத்தனைக்கும் துணைக்காட்சியாக அவர் சேர்ப்பது எது? இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில், கண்ணாடித் தொட்டிக்குள் கவலையின்றி நீந்தும் மீன்கள்!

எழுத்தின் சிறப்பை முதலில் ஒப்புவோம். மூன்று நலன்களைக் காண்கிறோம்.

முதலாவது, இருட்டை 'இருட்டு' என்று ஒரு சொல்லால் முடித்துவிடவில்லை. எந்த நிறம் முதலில் போயிற்று, எது பின்னால் போயிற்று, போன நிறம் எப்படித் தயங்கித் தயங்கித் திரும்பியது என்று கண்ணால் அளந்து எழுதுகிறார். முழு மறைப்பின் ஒளி, மாலை ஒளியன்று, நிலவொளியுமன்று. அதனை வேறொன்றாக உணர்த்துவது எளிதன்று. அம்மையார் உணர்த்தியிருக்கிறார்.

இரண்டாவது, கூட்டத்தை இகழவில்லை. உயர்குடி எழுத்தாளர் பலருக்குக் கூட்டம் என்றால் முகம் சுளிக்கும். இவரோ, ஆயிரவர் ஒரே திசை நோக்கி ஒரே நோக்கத்தோடு நிற்பதில் ஒரு பெருமையைக் காண்கிறார். அந்த ஒரு காலைப்பொழுதில் சீமானும் சில்லறை வணிகரும் ஒரே வானத்தின்கீழ் ஒன்றாக நின்றனர். வானத்துக்கு வகுப்பு வேற்றுமை இல்லை.

மூன்றாவது, நம் கண்ணுக்கு மிகவும் தெரிய வேண்டியது: கட்டுரை முழுவதிலும் கடவுளை அழைத்துக் காலில் விழவில்லை! ஞாயிறு மறைந்ததற்கு எவருடைய சினத்தையும் காரணம் காட்டவில்லை. மீண்டதற்கு எவருக்கும் நன்றிப்பலி இடவில்லை. இதில் வியப்பும் இல்லை. இவருடைய தந்தை லெஸ்லி ஸ்டீபன், ஒரு காலத்தில் கேம்பிரிட்ஜில் சமயத் திருப்பணிக்கு நியமனம் பெற்றவர். நம்பிக்கை நீங்கியபின், நம்பாததை நம்புவதாக நடிக்க மனம் ஒப்பாமல், 1862-இல் அங்கே வகித்த ஆசிரியப் பொறுப்பைத் துறந்தவர். பின்னாளில் அறியொணாக் கொள்கையை விளக்கி நூலும் எழுதியவர். அந்த வீட்டில் பிறந்த மகள், இருட்டைக் கண்டு இறைவனைத் தேடவில்லை. மடக்க வருவோர் இதனை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். அம்மையார் பழங்கால மாந்தரை உவமையாகக் கொண்டார். பழங்கால மாந்தரின் தெய்வத்தை உறவாகக் கொள்ளவில்லை.

அப்படியாயின் குறை எங்கே?

கடிகாரத்தில் இருக்கிறது குறை.

நாட்குறிப்பில் அம்மையார் ஒரு சிறு செய்தி தருகிறார். குன்றின் மீது காத்திருந்தபோது, கணவர் லியனார்டு அடிக்கடி தம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சிறு செய்திதான். ஆனால் அந்தக் காலைப்பொழுதின் முழுப்பொருளும் அதற்குள் அடங்கியிருக்கிறது. ஸ்டோன்ஹெஞ்சில் வழிபட்டவன் கையில் கடிகாரம் இல்லை. அவனுக்கு இருள் எப்போது வரும் என்பது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். இருபத்து நான்கு நொடி நிற்கும் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்திராது. லியனார்டுக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற ஆட்டிடையனுக்கும் தெரியும், செய்தித்தாள் சொல்லியிருந்தது. தெரிந்ததனால்தான் இரயில் கிளம்பிற்று. தெரிந்ததனால்தான் அம்மையார் குன்றேறினார். எந்த அறிவு அவரைக் கைப்பிடித்து அந்த இடத்துக்கு, அந்த நொடிக்கு அழைத்து வந்ததோ, அந்த அறிவு கட்டுரையில் பயணச்சீட்டாக மட்டுமே இருக்கிறது. கிழித்து எறியப்பட்ட பயணச்சீட்டு! இருபத்து நான்கு நொடி என்ற எண் வருகிறது. அவ்வெண் யார் உழைப்பில் விளைந்தது என்ற கேள்வி வரவில்லை.

யார் உழைப்பு அது? சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1715-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் மீது நிழல் விழவிருந்தது. எட்மண்ட் ஹாலி எனும் வானியலறிஞர் ஒரு துண்டறிக்கை அச்சிட்டார். ஆம், துண்டறிக்கைதான்! ஒரு தாளில் நாட்டின் வரைபடம், அதன் குறுக்கே நிழல் செல்லும் பாதை, கீழே விளக்கம். எதற்காக? திடீர் இருள் கண்டு மக்கள் திகைக்கக் கூடாது, மன்னர் ஜார்ஜுக்கும் அவர் ஆட்சிக்கும் கேடு வரும் அறிகுறி என்று எவரும் திரித்துக் கூறக் கூடாது, நடப்பது இயற்கை என்று அனைவரும் அறிய வேண்டும் என்பதற்காக. அத்தோடு நிற்கவில்லை. இருள் எத்தனை நேரம் நின்றது என்று அளந்து எழுதி அனுப்புமாறு பொதுமக்களையும் வேண்டினார். வேளையில் ஏறத்தாழ நான்கு நிமிடம், பாதையில் ஏறத்தாழ இருபது மைல். அவ்வளவே பிழை! அச்சத்தை அறிவிப்பால் வெல்லலாம் என்று காட்டிய அத்தாள், நம் கருத்தில், எந்தக் காவியத்துக்கும் இளைத்ததன்று.

அந்தக் கணக்கின் அடிப்படையும் அரிய மறைபொருள் அன்று. ஞாயிற்றின் குறுக்களவு திங்களைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு. ஞாயிற்றின் தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. ஆகவே வானில் இரண்டும் ஒத்த வட்டமாகத் தெரிகின்றன. சிறியது பெரியதை மறைக்க முடிகிறது. திங்களின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால், எல்லா அமாவாசையிலும் மறைப்பு நிகழ்வதில்லை. 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரம் கழிந்தால், மூன்று பொருள்களும் ஏறத்தாழப் பழைய நிலைக்கே திரும்புகின்றன. இந்தச் சுழற்சிக்குச் 'சாரோஸ்' என்று பெயர். பாபிலோனியர் காலத்திலேயே கண்டது. பாம்பு விழுங்குவதாயின், இவ்வளவு ஒழுங்காகவா பசி எடுக்கும்?

இங்கேதான் அம்மையாரின் நாட்குறிப்பு, தானறியாமலே தன் கட்டுரைக்கு மறுப்பு எழுதிவிடுகிறது. காட்சி முடிந்தது, இனி 1999-இல்தான் என்று அதில் குறிக்கிறார். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! எழுபத்திரண்டு ஆண்டுக்குப் பின்வரும் நாளைப் பற்றி ஐயமின்றி, தயக்கமின்றி எழுதுகிறார். 1941-இல் அம்மையார் மறைந்தார். உலகப்போர் முடிந்தது. பேரரசு சுருங்கிற்று. மனிதன் திங்களிலேயே கால்வைத்துத் திரும்பினான். 1999 ஆகஸ்டு 11 வந்தது. குறித்த வேளையில், குறித்தபடியே, கார்ன்வால் கரையில் நிழல் ஏறிற்று! 1927-ஆம் ஆண்டு மறைப்பும் 1999-ஆம் ஆண்டு மறைப்பும் ஒரே சாரோஸ் குடும்பம். 1945, 1963, 1981 என நான்கு எட்டில் வந்து சேர்ந்த உடன்பிறப்புகள். கார்ன்வாலில் கூடியோர் பலருக்கு மேகம் குறுக்கிட்டது. நிழலோ நொடி தவறவில்லை. எந்த ஆரூடக்காரன் எழுபத்திரண்டு ஆண்டுக்கு முன்பு சொன்ன சொல் இப்படிப் பலித்தது?

தொல்மாந்தராக உணர்ந்தேன் என்று எழுதிய அதே கை, 1999 என்றும் எழுதியது. இரண்டும் உண்மைதான். ஆனால் கட்டுரையாக்கும்போது, கலை என்று கருதி முதலாவதை வளர்த்தார். குறிப்பு என்று கருதி இரண்டாவதை விட்டார். நம் திறனாய்வு கேட்பது இதுவே: 1999 என்ற அந்த எண்ணில் கலை இல்லையா? தான் காணப்போகாத காலையை, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகக் கணித்து வைத்துவிட்டுப் போகும் மனித அறிவில் கவிதை இல்லையா? சாவைப் பாடத் தெரிந்த பேனாவுக்கு, சாவைத் தாண்டி நிற்கும் கணக்கைப் பாடத் தெரியாமற் போனதேன்?

உல்ஃப் அம்மையார் மேகத்தோடு மன்றாடிய அதே வேளையில், கிகிள்ஸ்விக் எனும் ஊரின் பள்ளித் திடலில், அரசு வானியலறிஞர் ஃபிராங்க் டைசன் தம் குழுவுடன் கருவிகளை நிறுத்தி நின்றார். ஒளி வளைகிறதா என்று சோதிக்க, 1919-இல் நடந்த மறைப்புப் பயணங்களைத் திட்டமிட்டவர் அவர். நல்வாய்ப்பாக அங்கே மேகம் விலகிற்று. ஒரே விடியல், ஒரே நிழல். ஒரு மேட்டில் உணர்ச்சி, இன்னொரு திடலில் ஆய்வு. இரண்டையும் இணைக்கும் எழுத்து இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அதற்கு அரை நூற்றாண்டு பின்னோக்கி, அட்லாண்டிக் கடலைத் தாண்ட வேண்டும்.

அமெரிக்காவின் நாண்டக்கெட் தீவில் பிறந்த மரியா மிட்செல் அம்மையார், 1831-இல் கங்கண மறைப்பு நிகழ்ந்தபோது பன்னிரண்டு வயதுச் சிறுமி. தந்தை தொலைநோக்கியில் நோக்க, மகள் காலமானியைப் பார்த்து நொடிகளை எண்ணினாள். எண்ணிய சிறுமி, 1847-இல் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். டென்மார்க் மன்னரின் பொற்பதக்கம் பெற்றார். 1865-இல் வாசர் பெண்கள் கல்லூரியில் வானியல் பேராசிரியரானார். 1869 ஆகஸ்டு 7-இல் தம் மாணவியரை அயோவா மாநிலத்துப் பர்லிங்டனுக்கு அழைத்துச் சென்று முழு மறைப்பைக் காட்டினார். 1878 ஜூலை 29-இல், ஏறத்தாழ அறுபது வயதில், தங்கையையும் பழைய மாணவியரையும் கூட்டிக்கொண்டு கொலராடோ மாநிலத்து டென்வருக்குப் பயணமானார்.

காலத்தை நினைவில் வையுங்கள். 1873-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் எட்வர்டு கிளார்க் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். ஆண்களைப்போல் பெண்கள் உயர்கல்வி கற்றால் உடல் கெடும் என்பது அதன் சாரம். மருத்துவப் போர்வை போர்த்திய மனுநீதி! அந்நூல் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்த காலத்தில், பெண்கள் மட்டும் அடங்கிய குழு ஒன்று தொலைநோக்கி தூக்கிக்கொண்டு மேற்கே இரண்டாயிரம் மைல் போயிற்று. இரயில் நிறுவனங்களுக்குள் சண்டை, சுமைகள் நடுவழியில் சிக்கின, தொலைநோக்கியின் ஆடி வந்துசேருமா என்று தவிப்பு, இடையில் மழை. இத்தனையையும் அம்மையார் எழுதியிருக்கிறார். தங்கை தொகுத்து 1896-இல் வெளியான வாழ்க்கைக் குறிப்பில் அது இருக்கிறது.

அவ்வெழுத்தின் நடை எளிது. உல்ஃப் காட்டும் வண்ணக் கலவை அதில் குறைவு. ஆயினும் உல்ஃப் கட்டுரையில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒருத்தி நொடி எண்ணுகிறாள். மற்றவர்க்கு வேறுவேறு பணி. பர்லிங்டனில் தம் மாணவியர், தலைக்குமேல் அத்தனை பெரிய காட்சி விரிந்தபோதும், தமக்குக் குறித்த சிறு பணியை விட்டு அசையவில்லை என்று பெருமையோடு குறிக்கிறார். பெண்களாக இருந்ததால்தானோ அந்த உறுதி என்று குறும்பாகவும் கேட்கிறார். உணர்ச்சிவசப்படுவது பெண்ணின் இயல்பு என்று ஏட்டில் எழுதி வைத்தவர்களுக்கு, இருட்டில் நின்றபடி எழுதிய மறுமொழி அது!

இதே மரபில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1890-இல் தோன்றிய பிரிட்டிஷ் வானியல் சங்கம், பெண்களையும் உறுப்பினராகச் சேர்த்தது; அரசு வானியல் கழகமோ 1916 வரை கதவைத் திறக்கவில்லை. அந்தச் சங்கத்தார் 1898 ஜனவரி 22-ஆம் நாள் மறைப்புக்காக இந்தியாவுக்குப் பயணக்குழு அமைத்து வந்தனர். மத்திய இந்தியாவின் தால்னி எனும் ஊரில் முகாமிட்ட குழுவில் ஆனி மாண்டர் இருந்தார். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் தேறியும், பெண் என்பதால் பட்டம் பெறாதவர். கிரீனிச் வான்நிலையத்தில் பணியாற்றி, மணமானதால் 1895-இல் அப்பணியை விட்டவர். பட்டமும் பதவியும் இல்லாத அவர், தம் சிறு கருவியால், ஞாயிற்றின் ஒளிமுடியிலிருந்து நீண்ட கதிர்க்கற்றை ஒன்றைப் படம்பிடித்தார். அவ்வளவு நீளக் கற்றை அதற்குமுன் எவர் படத்திலும் சிக்கியதில்லை. பயணக்குழு என்பது சிலருக்குப் பொழுதுபோக்கு. சிலருக்கோ, மறுக்கப்பட்ட ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய வாய்த்த ஒரே வாசல்.

இனி, நம் காலத்துக்கு நெருங்கியதொரு கட்டுரையையும் காண்போம். அமெரிக்க எழுத்தாளர் ஆனி டில்லர்டு, 1979 பிப்ரவரி 26-இல் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில் கண்டதை 1982-இல் வெளியிட்டார். மணிக்கு 1,800 மைல் விரைவில் பாய்ந்துவரும் நிழலையும், குன்றுகளில் நின்ற மக்கள் அலறியதையும் அவர் காட்டும் திறன் பெரிது. படிப்பவர் நெஞ்சு படபடக்கும். ஆனால் அந்த அலறலில் அவர் நெடுநேரம் குடியிருக்கிறார். அறிவு அங்கே பயனற்றுப்போனதாகத் தோன்றும்படி எழுதுகிறார். அவரை மீட்பது யார் தெரியுமா? பின்னர் உணவுவிடுதியில் வந்த ஒரு மாணவன். அந்த வெள்ளை வளையம், ஓட்டை போட்ட மிட்டாயைப்போல் இருந்ததே என்று அவன் சாதாரணமாகச் சொல்கிறான். அச்சொல்லின் அருமையை டில்லர்டே வியந்து போற்றுகிறார். நாமும் போற்றுகிறோம். பேரிருட்டுக்குப் பெயர் சூட்டப் பெரும்புலவர் தேவையில்லை. அஞ்சாத கண் போதும்.

இப்போது மடக்க வருவோர்க்கு மறுமொழி.

நடுக்கம் உண்டா? உண்டு. பட்டப்பகலில் ஒளி வற்றுகிறது, காற்று குளிர்கிறது, பறவைகள் அடங்குகின்றன. உடல் சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் உடல் சிலிர்ப்பது வாதம் ஆகிவிடாது. இடி இடித்தால் எவர் உடலும் துள்ளும். துள்ளியதனால் இந்திரன் இருக்கிறான் என்று ஆகிவிடுமா? அச்சம் வேறு, வியப்பு வேறு. அச்சம் கதவைச் சாத்தும். வியப்பு கதவைத் திறக்கும். அச்சம் எவனையோ காரணம் காட்டும். வியப்பு காரணத்தைத் தேடும். இரண்டும் ஒரே சிலிர்ப்பில் பிறப்பதால் ஒன்றென்று மயங்குவது பேதைமை. மயங்கவைப்பது சூழ்ச்சி.

அந்த மயக்கத்துக்கு விலை உண்டு. 1980 பிப்ரவரி 16-இல் முழு மறைப்பின் நிழல் கருநாடகத்தையும் ஆந்திரத்தையும் கடந்து சென்றது. வெளிநாட்டு அறிஞர்கள் கருவிகளோடு வந்து காத்து நின்றனர். நம் நாட்டு நகரங்களிலோ தெருக்கள் வெறிச்சோடின! கண் கெடும் என்ற அச்சம் பாதி. தீட்டு, தோஷம் என்ற அச்சம் பாதி. வாசலுக்கு வந்த விருந்தை வாசலை அடைத்து விரட்டினோம். கண்ணைக் காக்க வழி இருக்கிறது: ஞாயிற்றின் ஒரு கீற்று தெரியும்வரை தரமான மறைப்புக் கண்ணாடியை அணிந்தே பார்க்க வேண்டும், முழுமையாக மறைந்த அந்தச் சில நொடியில் மட்டும் வெறுங்கண்ணால் காணலாம். உல்ஃப் காலத்தில் கையாண்ட கரி படிந்த கண்ணாடி போதாது என்பதை இன்று அறிவோம். இது தெரிந்தால் கண் பிழைக்கும். தோஷம் என்ற நோய்க்கோ, கண்ணாடி போதாது, கருத்து வேண்டும்.

பயணக்குழுவின் வழிகாட்டி என்ன செய்கிறார்? "இன்னும் பத்து நிமிடம், இன்னும் ஒரு நிமிடம், இப்போது கண்ணாடியைக் கழற்றலாம், இப்போது அணியுங்கள்" என்கிறார். பஞ்சாங்கம் பார்ப்பவரும் நேரம் சொல்கிறார்தான். ஒருவர் நேரம் சொல்லி உள்ளே போ என்கிறார். மற்றவர் நேரம் சொல்லி வெளியே வா என்கிறார். கணக்கு ஒன்றே, அதனை ஏவும் கை வேறு. வழிகாட்டியும் விலைபேசுகிறார் என்பதை மறைக்கவில்லை. கப்பலிலும் வானூர்தியிலும் இடம் வாங்கிப் போவோர் செல்வர். ஆனால் நிழல் சீட்டு கேட்பதில்லை. பாதையில் இருக்கும் உழவன் களத்துக்கும் அது வரும். அவன் கதவைத் திறந்து வெளியே நிற்க வேண்டும். அந்தத் துணிவை விலைக்கு வாங்க முடியாது. எழுத்தால் ஊட்ட முடியும். அதனால்தான் எழுதுவோரிடம் இத்தனை கண்டிப்பாகக் கணக்குக் கேட்கிறோம்.

உல்ஃப் அம்மையாரின் கட்டுரையைப் படியுங்கள். நிறம் காணும் கண்ணை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். மிட்செல் அம்மையாரைப் படியுங்கள். பணியை விட்டு அசையாத நெஞ்சை அவரிடம் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதும் எழுத்து தமிழில் தழைக்க வேண்டும். இந்த நிழல் நம் மண்ணுக்கும் புதிதன்று. 1871 டிசம்பர் 12-இல் நீலகிரியையும் புதுக்கோட்டையையும் யாழ்ப்பாணத்தையும் அது தொட்டுச் சென்றது. பிரெஞ்சு அறிஞர் ழான்சன் அன்று நீலகிரியில் ஒளிமுடியை ஆராய்ந்தார். 2034 மார்ச்சு 20-இல் இந்தியாவின் வடகோடியில், காசுமீர் – லடாக் மலைப்பகுதியில் நிழல் விழும் என்கிறது கணக்கு.

விழும், ஐயமில்லை. அன்று குழுவாகச் செல்லும் இளைஞருள் ஒருவர் எழுதட்டும்: இருண்ட நிறத்தையும் எழுதட்டும், எண்ணிய நொடியையும் எழுதட்டும். வண்டி ஓட்டியவரையும், ரொட்டி சுட்டவரையும், கதவைத் திறந்து முதன்முறையாக வானத்தை நிமிர்ந்து பார்த்த மலையூர் மூதாட்டியையும் எழுதட்டும். கையிலிருக்கும் கடிகாரத்தை மட்டும் மறந்துவிட வேண்டாம்.